இரண்டு குளிசை சேர்ந்தால் குடி குறையுமா?

குடியைக் குறைக்க இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள், பலன் தெரிந்தது என்று அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. திருகோணமலையில் அதைக் குடிப்பவரைவிட அவருடைய மனைவியோ அம்மாவோ அக்காவோதான் கவனமாக வாசிப்பார்கள். வாசித்ததும் எழுகிற கேள்வி: அந்தக் குளிசை எங்கே கிடைக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் செய்தி என்ன சொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மருந்து சேர்ந்து பலன் தந்தது என்றால், எதைவிடப் பலன்? மருந்தே இல்லாத வெறும் குளிசையைவிடவா, இரண்டில் ஒன்றைத் தனியாகக் கொடுத்ததைவிடவா? இந்த இரண்டு கேள்விக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. 20 வருடத்துக்கு மேலாக நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்தத் தூரத்துக்குள்தான் நடக்கிறது.

## தங்கியிருத்தல் என்றால் என்ன?

கூடுதலாகக் குடிக்கிற எல்லாரும் மதுசாரத்தில் தங்கியிருப்பவர்கள், அதாவது அது இல்லாமல் இருக்க முடியாதவர்கள், அல்ல. வைத்தியர்கள் பார்க்கும் அடையாளங்களில் முக்கியமானவை மூன்று.

1. அளவு ஏறிக்கொண்டே போவது. முன்பு கால் போத்தலில் வந்த வெறி இப்போது அரைப் போத்தலிலும் வராது.
2. நிறுத்தினால் உடம்பு எதிர்ப்பது. காலையில் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது, மனம் பதறும். ஒரு மடக்கு உள்ளே போனால் எல்லாம் அடங்கும்.
3. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது. இன்றைக்கு இரண்டோடு சரி என்று உண்மையாகவே நினைத்துத் தொடங்குவார். முடியாது.

மூன்றாவதைத்தான் வீட்டில் பொய் என்று எடுத்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் பொய் அல்ல, மூளை பழகிப்போனதன் விளைவு. மூளைக்குள் அமைதிப்படுத்தும் இரசாயனம் ஒன்று உண்டு, அதன் பெயர் காபா. கிளர்த்திவிடும் இரசாயனமும் உண்டு, அது குளூட்டமேட். மதுசாரம் முதலாவதன் வேலையைக் கூட்டி, இரண்டாவதை அமுக்குகிறது. நாள்தோறும் இப்படி நடந்தால், சமநிலைக்காக மூளை தன் பக்கத்திலிருந்து கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று குடி நின்றுபோனால் அமுக்கிய கை எடுபடுகிறது, கூட்டி வைத்த கிளர்ச்சி அப்படியே மேலே வருகிறது. நடுக்கமும் வலிப்பும் அதனால்தான்.

இதுபோக இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. குடித்ததும் மூளை எண்டோர்பின் என்ற தன் சொந்த இரசாயனத்தை வெளியிடுகிறது, அது டோபமைன் என்ற இன்னொன்றைக் கூட்டுகிறது, 'இது நன்றாக இருக்கிறது, இன்னும் வேண்டும்' என்ற உணர்வு பிறக்கிறது. மறுபக்கம், பயத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் நோர்அட்ரினலின், குடி இறங்கும் நேரத்தில் துள்ளிக்கொண்டு ஏறுகிறது. அந்தப் பதற்றத்தை அடக்க மறுபடியும் குடி. ஆக ஒருவர் குடிப்பதற்கு மூளைக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கின்றன. மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது.

## எந்த மருந்து எந்தக் கதவை மூடுகிறது?

1. டைசல்பிரம். 1948 இல் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இருவர் இதன் குணத்தை வெளியிட்டார்கள். மதுசாரம் உடம்பில் உடையும்போது இடையில் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள் உண்டாகும். சாதாரணமாக அது உடனே அடுத்த படிக்குப் போய்விடும். டைசல்பிரம் அந்த அடுத்த படியைத் தடுக்கிறது. இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், பிரசர் விழும். இது ஆசையைக் குறைக்கும் மருந்து அல்ல, பயத்தால் வேலை செய்வது.
2. நல்ட்ரெக்சோன். எண்டோர்பின் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுகிறது. குடித்தாலும் அந்த இனிப்பு வராது. குடிக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 1994 இல் அனுமதி கிடைத்தது.
3. அக்கம்புரோசேட். குளூட்டமேட்டின் கொந்தளிப்பைத் தணிக்கிறது என்று கருதப்படுகிறது. அமெரிக்க அனுமதி 2004 இல். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 6 குளிசை, மூன்று வேளையாக இரண்டிரண்டு. காலையில் கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகிறவர் இதை எப்படித் தவறாமல் போடுவார் என்பது சின்னக் கேள்வி அல்ல.
4. கபாபென்டின். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது. குடி விட்டபின் வரும் பதற்றத்துக்கும் நித்திரையின்மைக்கும் சோதிக்கப்பட்டது.
5. பிராசோசின். பழைய பிரசர் மருந்து. நோர்அட்ரினலின் வேலைசெய்யும் ஓர் இடத்தை அடைக்கிறது. போர்க்காலக் கெட்ட கனவுகளுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

தனித்தனியாக இவை எவ்வளவு உதவும்? 2023 இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று நல்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் பற்றிச் சொல்வது இது: 11 பேருக்குக் கொடுத்தால், மருந்து இல்லாவிட்டால் கடுங்குடிக்கு (ஒரே நாளில் அளவுமீறிக் குடிப்பதற்கு)த் திரும்பியிருக்கக்கூடிய ஒருவர் திரும்பாமல் இருப்பார். அக்கம்புரோசேட்டிலும் 11 பேருக்கு ஒருவர்தான், ஆனால் அங்கே எண்ணியது மறுபடி குடியைத் தொடவே தொடாமல் இருப்பதை. 11 இல் ஒன்று என்பது கேட்கக் குறைவாகத் தெரியும். வைத்தியத்தில் இது நல்ல எண்தான். அந்த ஒருவர் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால் எண்ணே தேவையில்லை. மற்றப் பத்துப் பேரையும் மறக்க முடியாது. சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சி அவர்களுக்காகத்தான்.

## சேர்ப்பதற்கு என்ன நியாயம்?

ஒரு வீட்டுக்கு முன்கதவும் பின்கதவும் இருக்கும்போது ஒன்றை மட்டும் பூட்டுவதில் பெரிய பயன் இல்லை. ஒருவர் சந்தோசத்துக்கும் குடிக்கிறார், பதற்றத்துக்கும் குடிக்கிறார் என்றால் நல்ட்ரெக்சோன் முதலாவதை அடைக்கும், பிராசோசின் இரண்டாவதை அடைக்கும். அமெரிக்காவின் இந்தியானாவில், குடியை விரும்பும்படி தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த எலிகளில் இந்தச் சோடியைச் சோதித்தார்கள். 2013 இல் வந்த முடிவு: இரண்டும் சேர்ந்தபோது, தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் குடி கூடுதலாகக் குறைந்தது.

சேர்ப்பதால் கிடைக்கக்கூடிய இன்னொரு நன்மை அளவு. தனியாகக் கொடுக்கும்போது கூடிய அளவு தேவைப்படலாம், கூடிய அளவில் பக்கவிளைவும் கூடும். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போதுமென்றால் வயிற்றுப் புரட்டல், தலைச்சுற்று குறையும். இதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் எலிக்குச் சம்பள நாள் இல்லை, கூட்டாளிகள் இல்லை, கடன் இல்லை. மனிதரில் சோதித்தே ஆகவேண்டும்.

## சோதனையை எப்படிக் கட்டுகிறார்கள்?

இரண்டு மருந்தையும் 100 பேருக்குக் கொடுத்து, 60 பேர் குடியைக் குறைத்தார்கள் என்று வைப்போம். இதிலிருந்து எதுவும் தெரியாது. சோதனைக்கு வருகிறவர் ஏற்கெனவே குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்து வருகிறவர், அந்த முடிவே கொஞ்சம் குறைத்துவிடும். காலமும் ஒரு காரணம். திருகோணமலைக் கடற்கரையில் இப்படி ஒரு சோதனை நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்து, படகு கரையில் கிடக்கும் நாட்களில் தொடங்கி, கடல் அடங்கித் தொழில் முழுவீச்சில் நடக்கும் மாதங்களில் முடித்தால், குடி தானாகவே மாறியிருக்கும். அதை மருந்தின் பலன் என்று எழுதிவிடலாம். அதனால்தான் பக்கத்தில் இன்னொரு கூட்டம் வேண்டும். அதே காற்றில், அதே மாதங்களில், வெறும் குளிசை விழுங்குகிற கூட்டம்.

இரண்டு மருந்துச் சோதனைக்கு அதுவும் போதாது. நான்கு கூட்டம் வேண்டும்.

1. அ மருந்தும் ஆ மருந்தும்
2. அ மருந்தும் வெறும் குளிசையும்
3. வெறும் குளிசையும் ஆ மருந்தும்
4. இரண்டுமே வெறும் குளிசை

யார் எந்தக் கூட்டத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கியது போல எழுமாறாகத் தீர்மானிக்க வேண்டும். கொடுக்கும் வைத்தியருக்கும் தெரியக்கூடாது, விழுங்குபவருக்கும் தெரியக்கூடாது. எல்லார் கையிலும் ஒரே நிறத்தில், ஒரே எண்ணிக்கையில் குளிசை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. நான்காவது கூட்டத்தில் கிழமைக்கு ஒரு கடுங்குடி நாள் குறைந்தது, இரண்டாவதில் இரண்டு நாள், மூன்றாவதில் ஒரு நாள், முதலாவதில் இரண்டு நாள். செய்தியில் "கூட்டு மருந்து வெறும் குளிசையைவிட இருமடங்கு பலன்" என்று வரலாம், அது பொய்யும் அல்ல. ஆனால் வேலை செய்தது அ மட்டும்தான். ஆ மருந்து செலவும் பக்கவிளைவும் மட்டுமே. செய்தியை வாசிக்கும்போது நாலு கூட்டமும் இருந்ததா என்று தேடுங்கள். முதலாவதையும் நான்காவதையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால், சேர்த்ததால் பலன் கூடியதா என்ற கேள்விக்கு அந்தச் சோதனையில் பதில் கிடையாது.

## குடியை எப்படி எண்ணுவது?

குறைந்தது என்று சொல்ல எண்ண வேண்டும். எண்ணுவது போத்தலை அல்ல, அதற்குள் இருக்கும் சுத்த மதுசாரத்தின் கிராமை. 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயம், செறிவு 33.5 வீதம் என்றால், அதில் ஏறத்தாழ 48 கிராம். 750 மில்லிலீற்றர் முழுப் போத்தலை மூன்று பேர் சரியாகப் பங்கிட்டால் ஆளுக்கு 66 கிராம். சரியாகப் பங்கிடுவது எங்கே நடக்கிறது? பிளாஸ்டிக் கோப்பையில் கண்ணளவு, ஊற்றுகிறவர் கையைப் பொறுத்தது. கசிப்பு என்றால் போத்தலில் எழுத்தே இல்லை, செறிவு காய்ச்சியவருக்கே தெரியாது.

அமெரிக்க ஆய்வுகளில் ஆணுக்கு ஒரே நாளில் 5 பானம், பெண்ணுக்கு 4 பானம், அல்லது அதற்கு மேல் என்றால் அது கடுங்குடி நாள். அவர்களுடைய ஒரு பானம் 14 கிராம், ஆகவே ஆணுக்கு 70 கிராம். நம் கணக்கில் ஒரு கால் போத்தலும் இன்னொன்றில் பாதியும். 'கொஞ்சம்தான் எடுத்தேன்' என்று சொல்லும் பல மாலைகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாள் சராசரியை வைத்து ஆபத்துப் படிகளைப் பிரிக்கிறது. ஆண்களுக்கு 40 கிராம் வரை குறைந்த படி, 41 முதல் 60 வரை நடுத்தரம், 61 முதல் 100 வரை உயர்வு, அதற்கு மேல் மிக உயர்வு. பெண்களுக்கு எல்லைகள் இதைவிடக் குறைவு: 20, 40, 60. நாளாந்தம் அரைப் போத்தல் சாராயமும் மேலே ஒரு பெரிய பியரும் குடித்தவர் கால் போத்தலுக்கு இறங்கினால், மிக உயர்விலிருந்து நடுத்தரத்துக்கு இரண்டு படி இறங்கியிருக்கிறார்.

ஞாபகத்தைத் தட்டி எழுப்பவும் ஒரு முறை இருக்கிறது. லிண்டா சோபெல், மார்க் சோபெல் என்ற உளவியலாளர்கள் வளர்த்தது. நாட்காட்டியை முன்னால் விரித்துவைத்து, முதலில் மறக்க முடியாத நாட்களைக் குறிப்பார்கள், பிறகு அவற்றுக்கு இடைப்பட்ட நாட்களை நிரப்புவார்கள். திருகோணமலையில் அப்படி ஒரு தாளை நிரப்பினால் முதலில் வருவது போயா நாள். அன்றைக்குச் சாராயக்கடை பூட்டு, ஆனால் முதல்நாளே வாங்கி வைத்ததும் ஞாபகம் வரும். அப்புறம் சம்பள நாள், பெரிய மீன்பாடு விழுந்த நாள், கோணேசர் கோயில் தேர், விரதம் இருந்த நாட்கள், மச்சானின் கலியாணம். இப்படி 90 நாளை நிரப்பி முடிக்கும்போது, தான் சொல்லிவந்த அளவுக்கும் தாளில் வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பந்தப்பட்டவரே பார்த்துவிடுவார். மருந்து தொடங்கும் முன்பே நடக்கிற வைத்தியம் இது.

சொல்வதை மட்டும் நம்பாமல் இரத்தத்திலும் பார்க்கிறார்கள். பொஸ்பாடிடைல் எதனோல் என்ற பொருள் குடித்தால் மட்டுமே உண்டாகும், கிழமைக்கணக்கில் இரத்தத்தில் தங்கும்.

## இதுவரை கிடைத்த முடிவுகள்

மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் 11 இடங்களில் நடந்தது. பெயர் 'கம்பைன்', சேர்த்தல் என்பதே அர்த்தம். 1383 பேர், 9 கூட்டங்கள், 16 கிழமைகள். நல்ட்ரெக்சோன், அக்கம்புரோசேட், விசேட உளவளத்துணை மூன்றையும் தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள். 2006 இல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம். நல்ட்ரெக்சோன் உதவியது. உளவளத்துணை உதவியது. அக்கம்புரோசேட் இந்தச் சோதனையில் உதவியதாகத் தெரியவில்லை. சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. குடிக்காத நாட்களின் வீதத்தைப் பாருங்கள்: நல்ட்ரெக்சோனும் உளவளத்துணையும் கிடைக்காதவர்கள் (அக்கம்புரோசேட் கிடைத்தவர்களும் இதில் அடக்கம்) 75.1, நல்ட்ரெக்சோன் 80.6, உளவளத்துணை 79.2, இவை இரண்டும் சேர்ந்தது 77.1.

இந்தச் சோதனையில் செய்திகள் பெரிதாகக் கவனிக்காத ஒரு வரிசை இருக்கிறது. ஒன்பதாவது கூட்டத்துக்கு உளவளத்துணை மட்டும், குளிசை எதுவும் இல்லை. அவர்களுடைய குடிக்காத நாட்கள் 66.6 வீதம். விசேட உளவளத்துணை இல்லாமல், வெறும் குளிசையோடு வைத்தியரையோ தாதியையோ முறையாகச் சந்தித்து வந்த கூட்டத்தில் 73.8 வீதம். அந்தச் சந்திப்புகள் 16 கிழமையில் 9 தடவை. முதல் தடவை முக்கால் மணிநேரம் அளவு, பிறகு ஒவ்வொன்றும் இருபது நிமிடம் அளவு. எப்படி இருக்கிறீர்கள், குளிசை போட்டீர்களா, எத்தனை நாள் குடித்தீர்கள், அடுத்த தடவை எப்போது வருவீர்கள். அவ்வளவுதான். மருந்தே இல்லாத குளிசையும் ஒருவர் கணக்குக் கேட்பதும் சேர்ந்து இவ்வளவு செய்திருக்கின்றன. இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

மற்றச் சோதனைகளையும் பார்ப்போம்.

1. ஜேர்மனியில் 160 பேர், 2003. நல்ட்ரெக்சோனும் அக்கம்புரோசேட்டும் சேர்ந்தது, அக்கம்புரோசேட் தனியாக இருந்ததைவிட நன்றாக வேலை செய்தது. நல்ட்ரெக்சோன் தனியாக இருந்ததை அது தெளிவாக முந்தவில்லை.
2. நல்ட்ரெக்சோனும் டைசல்பிரமும், வேறு மனநோயும் இருந்த 254 பேரில், 2005. சேர்த்ததால் மேலதிக நன்மை இல்லை.
3. நல்ட்ரெக்சோனும் கபாபென்டினும், 150 பேர், 2011. கபாபென்டின் கொடுத்த முதல் 6 கிழமையில் சோடி முந்தியது. கபாபென்டினை நிறுத்தியதும் அந்த முன்னிலை கரைந்துபோனது.
4. நல்ட்ரெக்சோனும், மனச்சோர்வுக்கான செர்ட்ராலினும். குடியும் மனச்சோர்வும் ஒன்றாக இருந்த 170 பேர், 2010. இரண்டும் கிடைத்தவர்களில் 53.7 வீதமானவர்கள் சோதனை முழுவதும் குடிக்கவில்லை. மற்றக் கூட்டங்களில் அது 20 இலிருந்து 30 வீதத்துக்குள்தான்.
5. புகைத்தலை விடக் கொடுக்கும் வரெனிக்லினும் புப்ரோபியோனும். சுவீடனில் 384 பேர், 2025. வரெனிக்லின் தனியாகவும் குடியைக் குறைத்தது, சோடியாகவும் குறைத்தது. புப்ரோபியோன் தனியாக அதைச் செய்யவில்லை.

நாலாவதில் நின்று பார்க்க வேண்டும். அங்கே சேர்த்தது ஏன் வேலை செய்தது? இரண்டு மருந்தும் ஒரே நோயை இரண்டு பக்கமாகத் தள்ளியதால் அல்ல. அந்த ஆட்களுக்கு நோயே இரண்டு இருந்தது. ஆகவே எந்த மருந்தை எந்த மருந்தோடு சேர்ப்பது என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்று கேட்க வேண்டும்.

பிராசோசின் கதையும் அதே பாடம். 2018 இல் 92 பேரில் 12 கிழமை நடந்த சோதனையில் கடுங்குடி நாட்கள் வெறும் குளிசையைவிட வேகமாகக் குறைந்தன. 2021 இல் 100 பேரில் பார்த்தபோது, குடியை விட்டால் நடுக்கமும் பதற்றமும் கூடுதலாக வருகிறவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. ஆனால் போரின் மன அதிர்ச்சியும் குடியும் சேர்ந்திருந்த 96 முன்னாள் படையினரில் 2016 இல் சோதித்தபோது அதிர்ச்சியின் அறிகுறிகளிலோ நித்திரையிலோ குடியிலோ வெறும் குளிசையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. மூன்று தசாப்தப் போரும் 2004 டிசம்பர் 26 இன் சுனாமியும் தொட்ட ஊர் நம்முடையது. அதிர்ச்சி, கெட்ட கனவு, குடி மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருப்பதை இங்கே பார்க்கிறோம். அதனால் பிராசோசின் நமக்கே செய்த மருந்து போலத் தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு அந்த 96 பேரே சாட்சி.

## நிறுத்துவதா, குறைப்பதா?

குறைப்பு என்றால் ஏமாற்று, நிறுத்தினால்தான் வெற்றி என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. ஈரல் சுருங்கியவர், கர்ப்பிணி, கணையம் வீங்கியவர் ஆகியோருக்கு அது சரி, அவர்கள் முழுதாக நிறுத்தியே ஆகவேண்டும். மற்றவர்களுக்கு, முழுதாக நிறுத்து என்ற ஒரே நிபந்தனை கிளினிக் வாசலிலிருந்து திரும்பிப் போகவே வைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் நல்மெபீன் என்ற மருந்தை அனுமதித்தது குடியைக் குறைப்பதற்காகவே. குடிக்க நேரும் என்று தோன்றும் நாளில் மட்டும் போடுவது அது. கிழமையில் 6 கடுங்குடி நாள் 2 ஆகக் குறைந்தால், அந்த 4 இரவுகளில் வீட்டில் சண்டை இல்லை, அடி இல்லை, மோட்டார் சைக்கிள் விபத்துக்கு வாய்ப்புக் குறைவு. பிள்ளை இருந்து படிக்கும். குடும்பத்துக்கு இது சிறிய முடிவு அல்ல.

## இங்கே கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

1. சொல்லாமல் கலப்பது. தேத்தண்ணியிலோ கறியிலோ டைசல்பிரமைக் கலந்து கொடுப்பதும், 'குடியை மறக்கடிக்கும் பொடி' வாங்கிக் கலப்பதும் நடக்கிறது. செய்கிறவர் கொடுமைக்காகச் செய்வதில்லை, வழியற்றுப்போய்ச் செய்கிறார். ஆனால் தெரியாமல் டைசல்பிரம் விழுங்கியவர் மாலையில் வழக்கம்போலக் குடித்தால் பிரசர் விழுந்து, இதயத் துடிப்புக் குழம்பி, உயிர் போகலாம். கடைசிக் குளிசைக்குப் பிறகு இரண்டு கிழமை வரையும் அந்த ஆபத்து இருக்கும். தெரிந்து போடுகிறவரும் அரிஷ்டத்தில் மதுசாரம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. இருமல் பாணிகள் சிலவற்றிலும் உண்டு.

2. திடீரென்று நிறுத்துவது. நாள்தோறும் கூடுதலாகக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்தினால், 6 மணிநேரத்திலிருந்து நடுக்கம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் இடம் தெரியாத குழப்பம் வரலாம். இல்லாத பூச்சியைத் தட்டுவார், இல்லாத ஆளோடு பேசுவார். அதைப் பேய் பிடித்தது என்று நினைத்து நேரத்தை இழக்கக்கூடாது. உயிராபத்தான நிலை அது, 1990 அம்புலன்சை அழைக்க வேண்டிய நேரம். வைத்தியசாலையில் டயசெபாம் போன்ற மருந்தும் தயமின் விற்றமினும் கொடுத்துப் பாதுகாப்பாக இறக்குவார்கள்.

3. தொழிலும் மருந்தும். பிராசோசினின் முதல் அளவில் சிலருக்கு எழுந்து நிற்கும்போதே பிரசர் விழுந்து மயக்கம் வரும். கட்டிலில் என்றால் பரவாயில்லை. இரவில் பைபர் படகின் விளிம்பில் நின்று வலை இழுப்பவருக்கு மயக்கம் என்றால் கடலுக்குள். முதல் அளவு எப்போதும் படுக்கப் போகும்போது, கரையில் இருக்கும் நாளில்.

4. வேறு மருந்தோடு மோதுவது. மோர்பின், டிரமடோல் வகை வலிமருந்துகளின் வேலையை நல்ட்ரெக்சோன் மறித்துவிடும். எலும்பு முறிந்து அந்த வலிமருந்துகளை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நல்ட்ரெக்சோனை உடனே தொடங்க முடியாது. அக்கம்புரோசேட் சிறுநீரகத்தால் வெளியேறுவது, அதனால் நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிய பதவி சிறிபுர பக்கத்தவருக்கு இரத்தப் பரிசோதனை இல்லாமல் தொடங்கவே கூடாது. நல்ட்ரெக்சோனோடு சேரும்போது இரத்தத்தில் அக்கம்புரோசேட்டின் அளவு இன்னும் ஏறும். இரண்டு குளிசையைச் சேர்த்தால் ஒன்றின் அளவை மற்றது மாற்றிவிடும் என்பதற்கு இதுவே உதாரணம்.

5. பார்மசியில் தானாக வாங்குவது. கபாபென்டினும் அதன் உறவுக்காரனான பிரிகாபலினும் சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கும். இலங்கையில் பொலிஸ் கைப்பற்றும் குளிசைகளில் பிரிகாபலின் பெயர் அடிக்கடி வருவதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு பழக்கத்துக்கு மருந்தாக இன்னொரு பழக்கம் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.

## இங்கிருந்து எங்கே போவது?

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, அல்லது வீட்டுக்குக் கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக். மனநலக் கிளினிக் என்றதும் 'எனக்குப் பைத்தியமா?' என்ற கோபம் வரும். நித்திரை வராததற்கும் கை நடுக்கத்துக்கும் காட்டப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகலாம், அது பொய்யும் அல்ல. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தொலைபேசியிலேயே பேசலாம். உள்ளே போனதும், குடிக்கு நல்ட்ரெக்சோன் போன்ற மருந்து பொருந்துமா, மனச்சோர்வு இருக்கிறதா, அதற்குச் சேர்த்து மருந்து வேண்டுமா என்று நேராகக் கேட்கலாம். ஈரல், சிறுநீரகப் பரிசோதனைத் துண்டுகளும், ஏற்கெனவே போடும் பிரசர், சீனி வருத்தக் குளிசைகளும் கையில் இருக்கட்டும்.

கூடவே ஒரு நாட்காட்டித் தாள். போயா, சம்பளம், கோயில், பெருநாள், கடலுக்குப் போன நாள் எல்லாம் முதலில் குறித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய கணக்கு: கால், அரை, இரண்டு பியர், அல்லது ஒன்றுமில்லை. குடிக்கிறவர் தானே தன் கையால் நிரப்ப வேண்டும், மனைவி பக்கத்தில் இருந்து திருத்தக்கூடாது. அடுத்த கிளினிக்குக்கு அதையும் எடுத்துக்கொண்டு போகட்டும். வைத்தியர் முதலில் எண்ணப்போவது அதில் உள்ள 'ஒன்றுமில்லை' கட்டங்களைத்தான்.